தாங்கலும் கலங்கலும்: வெள்ளத்தையும் வறட்சியையும் ஏற்ற நில அமைப்பு

ஊர்ப்பெயர் ஆய்வு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. ரா.பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946ஆம் ஆண்டில் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலை அளித்த பின்னர், ஓர் ஊரின் பெயர் அவ்வூரின் வரலாற்றுக்கு வாயிலாகும் என்பதை நாம் நன்கறிவோம். ஆயினும் பெயரைப் பிரித்துப் பொருள் கண்டவுடன் நம் பணி முடிந்ததாகக் கருதி எழுந்துவிடுகின்றோம். அப்பெயர் சுட்டும் நிலம் இன்று எந்நிலையில் உள்ளது, அதனை அவ்வாறு அமைத்தோர் எதனைக் கருதி அமைத்தனர் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. சென்னையின் மேற்குப் புறநகரில் வாழ்வோர்க்கு அவ்வினாக்கள் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வீட்டு வாசற்படி வரை வந்துவிடுகின்றன. கோடையில் அவையே காலிக் குடங்களாகத் தெருவில் வரிசை கட்டி நிற்கின்றன. எனவே ஊர்ப்பெயரிலிருந்து தொடங்கி நில அமைப்பிற்குச் செல்லும் முயற்சியாக இக்கட்டுரை அமைகின்றது.

போரூரிலிருந்து பூவிருந்தவல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஐயப்பன்தாங்கல் உள்ளது. மாநகரப் பேருந்துப் பணிமனையாலும், சாலையின் நடுவே எழுந்துள்ள மெட்ரோ தூண்களாலும் இன்று பலரும் அறியும் இவ்வூரின் பெயரில், முன்னொட்டை விடுத்துப் பின்னொட்டை மட்டும் காண்போம். 'தாங்கல்' என்பது 'தாங்கு' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். ஓடிவரும் நீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரிக்கு அது தொண்டை நாட்டில் வழங்கும் பெயராயிற்று. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்பன அவ்வகையினவே. தென்மாவட்டங்களில் இதே வகை நீர்நிலையை 'ஏந்தல்' என்பர். தாங்குதல், ஏந்துதல் ஆகிய இரண்டும் கையின் தொழில்கள். விழும் பொருளைக் கீழே விடாமல் பிடிப்பதற்கு வழங்கும் இச்சொற்களை மழைக்குப் பயன்படுத்திய முன்னோரின் நோக்கு எண்ணத்தக்கது. மழை வந்தால் அதனை விரைந்து அப்புறப்படுத்த வேண்டும் என்பது இன்றைய நகரத்தின் எண்ணம். மழை வந்தால் அதனைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது அந்தப் பெயரின் எண்ணம். இவ்விரண்டில் நம் நிலத்திற்கு எது பொருந்தும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

நிலம் மாறும் என்ற அறிவு

தமிழ் இலக்கணம் நிலத்தை நால்வகையாகப் பகுத்தது. பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் கூறும். இதனை நாம் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கின்றோம், தேர்விலும் கேட்டிருக்கின்றோம். ஆனால் அதன் பொருள் எத்துணைப் பெரியது! ஒரு நிலம் என்றும் ஒரு தன்மையில் இராது. மழை தவறினால் பசுங்காடே பாலையாகும். மீண்டும் மழை வந்தால் பாலை பசுமை கொள்ளும். இவ்வறிவுடையோர் நிலத்தை ஒரு பருவத்திற்கு மட்டுமாக அமைக்கமாட்டார் அல்லவா?

புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் அறிவுரையும் இத்தகையதே. உணவு கொடுத்தவரே உயிர் கொடுத்தவர். உணவாவது நிலமும் நீரும் சேர்ந்தது. வானத்தை மட்டும் நம்பிய வறண்ட நிலம் எத்துணைப் பரந்திருந்தாலும் அரசனுக்கு உதவாது. ஆதலின் நிலம் எங்கே குழிந்துள்ளதோ அங்கே நீரைத் தேக்குக என்பது அப்பாடலின் கருத்து. இதில் நாம் அழுத்திக் கூற விரும்புவது 'குழிந்த இடம்' என்பதையே. புலவர் மன்னனிடம் புதிதாகப் பள்ளம் தோண்டுமாறு கூறவில்லை. நிலத்தின் இயற்கைச் சரிவைப் படித்து, அச்சரிவுக்கு இசைய அணை கோலுமாறு கூறினார். இன்று உலகெங்கும் நில அமைப்புக் கலைஞர்கள் பாடமாகப் பயில்வதும் இதுவே.

அதே நூலின் 118ஆம் பாடலில் கபிலர், பாரி இறந்தபின் பறம்பு நாட்டில் ஒரு சிறுகுளம் கரை உடையும் நிலையை நினைந்து வருந்துகின்றார். அக்குளத்தின் வளைந்த கரைக்கு அவர் காட்டும் உவமை எட்டாம் நாள் பிறை. ஏரிக்கரையை மூன்று புறமும் கட்ட வேண்டியதில்லை. சரிவின் தாழ்ந்த புறத்தில் பிறை வடிவில் ஒரு கரை எழுப்பினால் போதும். மற்ற புறங்களை மேட்டு நிலமே காக்கும். குறைந்த மண்ணில் மிகுந்த நீரைத் தாங்கும் வடிவம் அது. காவலர் இல்லையெனில் அக்கரை உடையும் என்பதையும் அப்பாடலே நமக்குக் காட்டுகின்றது.

ஏரியின் உறுப்புகள்

சென்னையில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இது குறைந்த அளவன்று. ஆனால் இதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில புயல் நாள்களில், கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. நிலமோ கடல் நோக்கி மிக மெல்லச் சரிவது. எனவே இங்கு வெள்ளமும் வறட்சியும் வேறு வேறு ஆண்டுகளுக்கு உரியன அல்ல. ஒரே ஆண்டின் இரு முனைகள். இவ்விரண்டிற்கும் ஒரே கருவியால் விடை கண்டவர்கள் தொண்டை நாட்டார். காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் இன்றும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் எண்ணப்படுகின்றன. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைத்தனர்.

ஏரி என்றதும் நாம் ஒரு நீர்ப்பரப்பை மட்டுமே நினைக்கின்றோம். அதற்கு உறுப்புகள் பல. மேட்டில் மரமும் புல்லும் அடர்ந்த நீர்ப்பிடிப்பு நிலம். அங்கிருந்து நீரைக் கொணரும் வரத்துக்கால். பிறை வடிவக் கரை. கரையின் கீழே வயலுக்கு நீர் விடும் மதகு அல்லது தூம்பு. ஏரி நிறைந்தபின் மிகுநீர் தானே வழிந்து செல்லும் கலங்கல். அந்நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டு சேர்க்கும் போக்குக்கால். இவற்றுள் கலங்கலே நம் தலைப்பில் இடம்பெற்ற உறுப்பு. கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டப்பட்ட அது, 'இவ்வளவு நீரே எனக்கு. மிச்சம் கீழூருக்கு' என்று ஏரி தானே கூறுவது போன்றது. ஓர் ஏரியின் போக்குக்கால் அடுத்த ஏரியின் வரத்துக்கால் ஆகும். இவ்வாறு ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தமையால், பெருமழை ஒரே நாளில் ஆற்றை அடையாமல், படிப்படியாக நின்று நின்று இறங்கியது. மேலூர் ஏரிகள் நிறையும் வரை கீழூருக்குக் காலம் கிடைத்தது.

நிலவகைகளும் இச்சங்கிலிக்கேற்பவே வகுக்கப்பட்டன. வீடுகளுக்குரிய நத்தம் மேடான இடத்தில். மதகின் கீழ் நஞ்சை. நீர் ஏறாத இடத்தில் புஞ்சை. ஏரிப்பரப்பு, வாய்க்கால், மேய்ச்சல் ஆகியவை வரிக்கணக்கின் புறத்தே நின்றமையால் புறம்போக்கு. பொது நிலத்திற்குரிய இம்மதிப்புமிக்க சொல், இன்று பேச்சு வழக்கில் ஒருவரை இகழும் சொல்லாகிவிட்டது. சொல் இழிந்த காலமும் நிலம் இழிந்த காலமும் ஒன்றே என்பது எம் கருத்து. யாருக்கும் உரியதன்று என்ற நிலையில் அந்நிலம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடியதாயிற்று. தனியார் மட்டுமல்லர், அரசு அலுவலகங்களும் பேருந்து நிலையங்களும் குடியிருப்பு வாரியங்களும் அதனையே தேடின. மாம்பலம் ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கின்றது. வள்ளுவர்க்குக் கோட்டம் எடுத்ததில் தமிழாசிரியராகிய நமக்கு மகிழ்ச்சியே. எனினும் வான்சிறப்புக்கு இரண்டாவது அதிகாரத்தையே ஒதுக்கிய புலவர்க்கு ஏரியை மூடிய இடத்தில் மண்டபம் எழுந்தமை உறுத்தவே செய்கின்றது.

ஏரிகளைக் காத்தவர் யார்? பராந்தகச் சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியன, குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. ஆறு உறுப்பினர் கொண்ட அவ்வாரியத்தின் பொறுப்புக் காலம் 360 நாள்கள். பின்னாளில் ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரிக் கரை செப்பனிடும் வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர் வழங்கிற்று. குடி என்பது தமிழ்; மராமத்து என்பது பழுது பார்த்தலைக் குறிக்கும் அரபுச் சொல். அரசு அலுவல் வழியாக வந்த அச்சொல் நம் உழவரின் நாவில் தமிழோடு தமிழாய்க் கலந்து, பிரிக்க இயலாத ஒரு தொடராயிற்று. ஏரியைப் பழுது பார்க்கும் வேலைக்கு இரு மொழிகள் கைகோத்தமை நம்மைப் போன்றோர்க்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

எனினும் பழமையைப் போற்றுவோர் ஒன்றை மறைத்தல் ஆகாது. உத்திரமேரூர் வாரியத்தில் இடம்பெற வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் மறைநூற் பயிற்சியும் வேண்டப்பட்டன. மண் சுமந்தவர் எல்லாரும் நீரில் பங்கு பெற்றவர் அல்லர். குடிமராமத்து தளர்ந்தபோது ஆங்கில அரசு 1858ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றியது. ஆதலால் பழைய நில அமைப்பை மீட்க வேண்டும் என்று கூறும்போது, அதன் நீரியல் அறிவை மீட்க வேண்டும் என்றே நாம் பொருள் கொள்கின்றோம். அதன் சமூக ஏற்றத்தாழ்வையன்று.

2015உம் 2019உம்

2015ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து நிலம் ஊறிக் கிடந்தது. டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஐயப்பன்தாங்கலுக்கு மேற்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகுநீரும் சேர, அடையாறு கரை கடந்தது. ஆற்றங்கரையில் இல்லாத நம் பகுதித் தெருக்களிலும் நீர் நின்றது. காரணம், போரூர் ஏரியின் மிகுநீர் கொளப்பாக்கம், மணப்பாக்கம் வழியே அடையாற்றில் சேர வேண்டியது. ஆறே நிரம்பி நிற்கும்போது கால்வாய் எங்கே வடியும்? பரணிபுத்தூர், மௌலிவாக்கம், கெருகம்பாக்கம் என்னும் ஊர்களில் வீடுகள் எழுந்த மனைகள் பலவும் முன்னர் நீர் நிற்கவோ நடக்கவோ விடப்பட்ட நஞ்சைகள்.

செம்பரம்பாக்கம் பற்றிய விவாதத்தில் ஒரு நுட்பம் பெரும்பாலும் விடுபடுகின்றது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அவ்வேரி வயல்களுக்காக அமைந்தது. இன்று மாநகரின் குடிநீர்க் கலம். குடிநீர் வேண்டுவோர் அது டிசம்பருக்கு முன் நிறைந்திருக்க வேண்டும் என்பர். வெள்ளம் அஞ்சுவோர் அது டிசம்பரில் குறைந்திருக்க வேண்டும் என்பர். இருவர் கூற்றும் நியாயமே. ஒரே பெரிய கலத்தின்மேல் இரு சுமைகளையும் ஏற்றியதே இடர். முன்னர் இச்சுமையை நூற்றுக்கணக்கான சிறிய தாங்கல்கள் பகிர்ந்திருந்தன. அவை தூர்ந்தும் துண்டுபட்டும் போனபின், மதகைத் திறக்கும் அதிகாரி எம்முடிவு எடுத்தாலும் ஒரு சாரார்க்கு அது தீங்காகவே முடியும்.

நான்கே ஆண்டுகள் சென்றன. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் சேர்ந்து கொள்ளளவில் ஒரு விழுக்காடு நீர்கூட இல்லை. ஜூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீருடன் முதல் தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வெள்ளத்தில் மிதந்த நகரம் தொடர்வண்டியில் வந்த நீரைப் பார்க்கத் திரண்டது.

அக்கோடையில் நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஒன்றை மாணவர்கள் அறிய வேண்டும். மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் உள. மலையைக் குடைந்து கருங்கல் எடுத்த ஆழ்ந்த பள்ளங்கள் அவை, அழகற்றவை, ஆபத்தானவை. அவற்றில் தேங்கிய மழைநீரை 2017ஆம் ஆண்டு வறட்சியிலும், மீண்டும் 2019இலும், குடிநீர் வாரியம் இறைத்துச் செம்பரம்பாக்கம் நிலையத்தில் தூய்மைப்படுத்தி மாநகருக்கு அளித்தது. எவரும் நீருக்காக வெட்டாத பள்ளம் நீரைத் தாங்கிற்று. வெள்ளநீரைக் கால்வாய் வழியே அக்குவாரிகளுக்குத் திருப்பும் எண்ணம் அதன் பின்னரே வலுப்பெற்றது. குடபுலவியனார் கூறிய குழிந்த நிலம் இக்காலத்தில் இவ்வடிவில் கிடைத்துள்ளது எனலாம். புண்ணை மூடுவதற்குப் பதிலாக அதனைப் பயன்கொள்ளும் இத்தகைய முயற்சியை, ஏரிக்கரையில் நடைபாதையும் வண்ண விளக்கும் அமைத்து அதனை 'மேம்பாடு' எனக் கூறும் முயற்சியைவிட நாம் பன்மடங்கு மதிக்கின்றோம்.

புவி வெப்பமாதல் இந்நிலையை மேலும் கடுமையாக்கும். காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லது. தாங்கியதை ஒருநாள் இறக்கி வைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதனையே செய்து காட்டியது.

உயிருள்ள ஒரு தாங்கல்

மாறும் நீர்நிலைக்கு ஏற்ற நில அமைப்பு எவ்வாறிருக்கும் என்பதைக் காண விரும்பும் மாணவர் வேடந்தாங்கல் செல்க. மதுராந்தகத்தை அடுத்த அவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர் மட்டுமே. பறவைகளுக்காகவே அது புகழ்பெற்றது; 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் நாம் அங்கே காண வேண்டுவது மரங்களை. நீர்க்கடம்பும் கருவேலமும் பல திங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும், கோடையில் வெடித்த மண்ணில் நிற்கும், இரண்டிலும் பட்டுப்போகா. நீர் வரும்போது பறவைகள் வருகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் மதகு வழியே வயலுக்கு உரமாகின்றது. ஆதலால் உழவர் வேடரை விலக்கினர். 1798ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவ்வுரிமையை ஏற்று ஆணை அளித்தார் என்பர். அங்கே ஏரி வற்றுவது குறையன்று. அதுவும் அமைப்பின் ஒரு பருவம். என்றும் ததும்பி நிற்கும் குளமே அழகு என்னும் நகரத்தார் எண்ணத்தை வேடந்தாங்கல் மறுக்கின்றது.

ஏரிக்கரையில் பனையும், நீரோரத்தில் கோரையும் நாணலும் வெட்டிவேரும், வரத்துக்கால் ஓரத்தில் மருதும் நாவலும் புங்கும் என்று மரபு தெரிந்து வைத்த செடிகொடிகள் யாவும் இத்தன்மையன. பூங்கா என்றால் நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டிய அயல்நாட்டுப் புல்வெளி என்று எண்ணிவிட்ட நம் வளாகங்களில் இவற்றுக்கு இடமில்லை.

அயல்நாட்டாரோ இதே அறிவை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கின்றனர். தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் பீஷான்–அங் மோ கியோ பூங்கா வழியே 2.7 கிலோமீட்டர் நீளத்திற்கு நேரான கான்கிரீட் வடிகாலாக ஓடிய காலாங் ஆற்றைத் தகர்த்து, 3.2 கிலோமீட்டர் நீளம் வளைந்து செல்லும் இயற்கை ஓடையாக 2012இல் மாற்றியமைத்தனர். வறண்ட நாளில் புல்வெளி. மழை நாளில் அப்புல்வெளியே ஆறு. தாய்லாந்தின் சுலாலங்கோன் பல்கலைக்கழகம் பாங்காக் நகரில் 2017இல் திறந்த நூற்றாண்டுப் பூங்கா நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. ஒரு கல்வி நிறுவனம் செய்த பணியாதலின். 11 ஏக்கர் நிலம் முழுவதையும் ஒரு புறமாக மூன்று பாகை சாய்த்து, தாழ்ந்த முனையில் குளம் வைத்து, ஏறத்தாழ 38 இலட்சம் லிட்டர் நீரைத் தாங்குமாறு அமைத்துள்ளனர். அதன் வடிவைப் படத்தில் கண்டபோது, கோட்டங்கோட்டமாக நம் நாட்டில் காணப்படும் ஏரியின் சாய்வே நம் நினைவுக்கு வந்தது. சீனத்தார் இவ்வகை நகரங்களைக் கடற்பஞ்சு நகரம் என அழைக்கின்றனர். சென்னை மாநகராட்சியும் அண்மை ஆண்டுகளில் சிறு சிறு பஞ்சுப் பூங்காக்களை அமைத்து வருகின்றது. முயற்சி நன்று. தாங்கல் என்னும் சொல் நம்மிடம் இருக்க, பஞ்சு என்னும் உவமையைக் கடன் வாங்க வேண்டுமா என்பதே தமிழாசிரியரின் சிறு முணுமுணுப்பு.

ஒரு வளாகத்தின் கணக்கு

ஒரு கல்லூரி வளாகத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் நான்கு இலட்சம் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் விழும். வளாகம் பத்து ஏக்கர் எனின் 40 இலட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிகளில் நிரப்பினால் 337 லாரி. ஒரே நாள் மழையில் 337 லாரி நீரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, மே மாதத்தில் விடுதிக்கு லாரி நீர் வாங்கும் நிலையைப் பொருளாதாரத் துறை மாணவர்கள் எப்பெயரிட்டு அழைப்பர் என்று அறிய ஆவல். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரை நீரைக் குழாய் வழியே ஒரு குழியில் இறக்குவது அதன் முதற்படி. கூரையைவிடப் பன்மடங்கு பரந்த மைதானமும் பாதையும் வண்டி நிறுத்துமிடமும் அக்கணக்கில் வருவதில்லை.

விளையாட்டுத் திடலைச் சுற்றுப்பாதையைவிட முழங்காலளவு தாழ்த்தினால் அது மழை நாளில் தாங்கல். ஏனைய நாள்களில் திடல். வண்டி நிறுத்துமிடத்தில் சிமெண்டுப் பூச்சுக்குப் பதில் இடைவெளி விட்ட கற்கள் பாவினால் மண் மூச்சு விடும். நூலகம், மின் அறை, ஆய்வகம் ஆகியவை நத்தம் போல மேட்டில் இருத்தல் வேண்டும். தரைத்தளத்தில் நூல்களை அடுக்கிய நூலகங்கள் 2015இல் பட்ட பாடு பலரும் அறிந்ததே. தாழ்ந்த மூலையில் மருதும் நீர்க்கடம்பும் நட்டால் நீர் நின்றாலும் மரம் நிற்கும். இவை எவற்றுக்கும் பெருஞ்செலவு வேண்டா. வேண்டுவது, கட்டடத்தை வரையுமுன் நீர் நடந்த வழியை வரையும் பொறுமை.

அவ்வழியைக் கண்டறிவதில்தான் தமிழ்த்துறை மாணவர்க்கு வேலை இருக்கின்றது. வட்டாட்சியர் அலுவலகத்தின் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் எந்தப் புல எண் ஏரி, எது வாய்க்கால் என்னும் குறிப்பு உண்டு. ஆனால் கலங்கல் இருந்த இடத்தின் பெயரும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உழவர் இட்ட பெயரும், மதகு திறந்துவிட்ட நீர்க்கட்டியின் குடும்பம் எங்கே என்னும் செய்தியும் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், பரணிபுத்தூர், கொளப்பாக்கம் ஊர்களில் உழுது வாழ்ந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். அவர்களிடம் சென்று சொற்களைத் தொகுக்கும் மாணவர், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு இடத்தையும் குறித்து வருக. 'இங்கே நீர் எந்தப் பக்கம் போகும்?' என்று கேட்டால், பொறியாளர் கருவி கொண்டு அளப்பதை அவர்கள் கைநீட்டிக் காட்டிவிடுவர். இம்மலரைப் படிக்கும் ஊர்ப் பெரியோரும் மாணவர் வரும் வரை காத்திராமல், தாம் அறிந்தவற்றைப் பேரப்பிள்ளைகளிடமாவது சொல்லி எழுதுவிப்பார்களாக.

கேட்க வேண்டிய வினாக்களில் ஒன்றைத் தனியே குறிக்க விரும்புகின்றோம். கலங்கலின் உயரத்தை யார் முடிவு செய்தனர் என்பது அவ்வினா. கலங்கலை ஒரு சாண் உயர்த்தினால் மேலூருக்கு நீர் கூடும். அதே ஒரு சாணால் ஏரியின் பின்புற வயல்கள் மூழ்கும். கீழூர் ஏரிக்கு வரத்துக் குறையும். ஆகவே எந்த ஊரும் தன் விருப்பப்படி அதில் கல் அடுக்க இயலாது. அடுக்கியபோது வழக்குகளும் கைகலப்புகளும் நேர்ந்துள்ளன. இன்று ஒரு நகர்ப்பகுதி தன் தெருவை இரண்டடி உயர்த்தும்போதும், ஒரு நிறுவனம் தன் மதிலை வாய்க்காலின் குறுக்கே நீட்டும்போதும் நிகழ்வது கலங்கலில் கல் அடுக்குதலே. அந்நீர் இறங்கிச் செல்லும் அடுத்த தெருவின் ஒப்புதலை அதற்கு முன் எவரேனும் கேட்டதுண்டா?